அழிக்க முன்னம் ஒருக்கா கேளுங்கோ

"தம்பி, அப்பா எழுதி வச்சதெல்லாம் இங்கிலீஷா மாறிக் கிடக்கு. ஒருக்கா வந்து பார்."

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலமை அம்மாவிடமிருந்து இப்படி ஒரு அழைப்பு. அம்மா டார்ம்ஸ்டாட்டின் கிரானிக்ஸ்டைன் பகுதியில் இருக்கிறா. எங்கட வீட்டிலிருந்து ட்ராமில் போய்விடலாம். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அடுத்த நாள் அப்பாவின் திவசம். ஒவ்வொரு வருடமும் அதற்கு முதல் நாள் அம்மா மடிக்கணினியில் ஒரே ஒரு கோப்பைத் திறப்பா. அப்பா 2001-இல் தட்டெழுதி வைத்த வம்சாவழி அது. மூன்று தலைமுறைப் பெயர்கள், ஊர், நட்சத்திரம், யார் யாருக்கு என்ன முறை என்று பத்துப் பக்கம். ஐயர் கேட்கிறபோது பாட்டன், பூட்டன் பெயர்களைச் சொல்ல வேண்டுமே, அதற்குத்தான்.

திரையில் பார்த்தால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் வரிசையாக நின்றன. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பம்மா, இது பாஸ்வேர்டா?" என்று கேட்டாள். அம்மா சிரிக்கவில்லை. "அப்பாட எழுத்து போட்டுது போல" என்றா.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. குற்றவாளி நான்தான்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் திகதியோடு முடிந்ததால், அம்மாவுக்குப் புது மடிக்கணினி வாங்கிக் கொடுத்தேன். கோப்புகள், படங்கள் எல்லாவற்றையும் கவனமாக மாற்றினேன். பழைய கணினியின் எழுத்துருப் பட்டியலில் 'பாமினி' இருந்தது. இந்தக் காலத்தில் யார் பாமினியில் எழுதுகிறார்கள், எல்லாரும் யூனிகோட்தானே என்று நினைத்து அதை எடுக்காமல் விட்டேன். பிறகு பழைய கணினியை முழுதாகத் துடைத்து, தமிழ்ப் பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன்.

பெரிய கொம்பனிகளின் மென்பொருளிலிருந்து பழைய தரவு வரையறைகளைப் பாதுகாப்பாக அழிப்பது என்ர வேலையில் ஒரு பெரும் பகுதி. அந்த வேலையைச் செய்கிறவன் சொந்தத் தாயின் வீட்டில் செய்த பிழை இது. ஆகவே இந்த மாதம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

போத்தலும் லேபிளும்

தரவு வேறு, தரவின் வரையறை வேறு. எங்கட அம்மாமாரின் குசினியை நினைத்துப் பாருங்கோ. ஹோர்லிக்ஸ் போத்தலில் சரக்குத்தூள், கோப்பிப் போத்தலில் வறுத்த கறித்தூள். உள்ளே இருப்பது தரவு. இது என்ன, எவ்வளவு கொள்ளும், எதற்குப் பாவிப்பது என்று சொல்கிற லேபிள்தான் வரையறை. லேபிளைக் கிழித்தால் தூள் அப்படியே இருக்கும். ஆனால் இது என்ன தூள் என்று சொல்ல ஆள் வேண்டும்.

ஜெர்மனியில் பெரிய, நடுத்தர நிறுவனங்கள் பல எஸ்.ஏ.பி. மென்பொருளில் ஓடுகின்றன. டார்ம்ஸ்டாட்டிலிருந்து தெற்கே போனால் வரும் வால்டோர்ஃபில்தான் அதன் தலைமையகம். அதற்குள்ளே 'டேட்டா டிக்ஷனரி' என்று ஒன்று இருக்கிறது. மூன்று அடுக்காக யோசித்தால் சுகம். கீழே 'டொமைன்': பத்து எழுத்தா, எண்ணா, திகதியா என்று அளவைச் சொல்லும். அதற்கு மேலே 'டேட்டா எலிமென்ட்': இந்தப் பத்து எழுத்து சரக்கு வழங்குநரின் இலக்கம் என்று அர்த்தத்தைச் சொல்லும். அதற்கும் மேலே 'டேபிள்': உண்மையான தரவு கிடக்கிற இடம்.

பெயர்கள் எல்லாம் ஜெர்மன் சொற்களின் சுருக்கம். வழங்குநர் இலக்கத்தின் பெயர் எல்.ஐ.எஃப்.என்.ஆர்., அதாவது லீஃபெராண்டன்-நும்மர். இஞ்ச பள்ளிக்கூடம் போன எங்களுக்கு இது பார்த்தவுடன் விளங்கும். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற என்ர நண்பர்கள் இதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்கிறார்கள்.

மென்பொருளோடு வருகிற டேபிள்கள் போக, ஒவ்வொரு நிறுவனமும் தன் தேவைக்கு உண்டாக்கிக்கொள்வதும் உண்டு. அவற்றின் பெயர் பெரும்பாலும் இசட் அல்லது ஒய் எழுத்தில் தொடங்கும். இருபது வருடம் ஓடிய நிறுவனத்தில் இப்படி ஆயிரக்கணக்கில் சேர்ந்திருக்கும். உண்டாக்கியவர்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள். பழைய எஸ்.ஏ.பி. பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிவதால், புதிய பதிப்புக்கு மாற முன்னம் இந்தப் பழசுகளைக் கழிக்க எல்லாரும் ஓடித் திரிகிறார்கள். எங்களைக் கூப்பிடுவது அப்போதுதான்.

ஜனவரியில் மட்டும் ஓடின புரோகிராம்

மாஸ்டர்ஸ் முடித்து வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் நடந்தது இது. வாடிக்கையாளர் பெயர் வேண்டாம். ஒரு நடுத்தர நிறுவனம். அழிக்க வேண்டிய பட்டியலில் ஒரு இசட் டேபிள். 'வேர்-யூஸ்ட் லிஸ்ட்' எடுத்தேன். இந்த வரையறையை எந்தெந்த புரோகிராம் பாவிக்கிறது என்று காட்டும் பட்டியல் அது. விடை பூச்சியம். மூன்று மாதப் பதிவுகளைப் பார்த்தேன், ஒருவரும் தொடவில்லை. மே மாதம் அழித்தேன். எல்லாப் பரிசோதனையும் பச்சை.

அடுத்த ஜனவரியில் ஒரு காலமை தொலைபேசி. சிறிய கடைக்காரர்களுக்கு வருட விற்பனைப்படி போனஸ் கணக்குப் பார்க்கும் புரோகிராம் ஓடவில்லை. அது வருடத்தில் ஒரே ஒருமுறை ஓடுவது. அதோடு, அது டேபிளின் பெயரை நேரடியாக எழுதி வைக்கவில்லை. முன்பாதியையும் பின்பாதியையும் ஓடும்போதுதான் ஒட்டிப் பெயரை உண்டாக்குகிறது. எழுதப்படாத பெயரைப் பட்டியல் எப்படிக் கண்டுபிடிக்கும்?

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. எஸ்.ஏ.பி.யில் நாங்கள் அழிப்பது முதலில் மென்பொருள் உருவாக்கும் கணினியில். அங்கே அந்த டேபிள் வெறுமை, ஆகவே ஒன்றும் நடந்த மாதிரித் தெரியாது. அந்த அழிப்பு 'டிரான்ஸ்போர்ட்' ஏறி நிறுவனம் உண்மையில் ஓடுகிற கணினிக்குப் போகும்போது, வரையறையோடு அதற்குள் இருக்கும் தரவும் போய்விடும். ஆறு வருடக் கணக்கு அப்படித்தான் போனது.

நல்ல காலம், பழைய மாத இறுதிக் காப்புப்பிரதி ஒன்று மிஞ்சியிருந்தது. அதை வேறு கணினியில் ஏற்றி, வரையறையைப் பழையபடி உண்டாக்கி, தரவை எடுத்து வர ஒன்பது நாள் பிடித்தது. அந்த ஒன்பது நாளும் கடைக்காரர்கள் காசுக்குக் காத்திருந்தார்கள். எங்கட மேலாளர் கத்தவில்லை. "நீ கணினியிட்டக் கேட்டாய். கணக்குப் பகுதியில இருபது வருஷமா இருக்கிற அந்த மனிசியிட்டக் கேட்டனியா?" என்கிற அர்த்தத்தில் ஜெர்மனில் ஒரு கேள்விதான் கேட்டார். பிறகு நான் போய்க் கேட்டேன். அந்த டேபிளின் பெயர் அவவுக்குத் தெரியாது. ஆனால் ஜனவரியில் என்ன கணக்கு ஓடும் என்று ஒரு நிமிடத்தில் சொன்னா.

இப்ப நான் எப்படி அழிக்கிறேன்

முதலாவது, பட்டியல் எடுப்பேன். ஆனால் அது பூச்சியம் காட்டினால் 'எனக்குத் தெரிந்தவரை ஒருவரும் இல்லை' என்று மட்டும் எடுத்துக்கொள்வேன். பெயரின் துண்டுகளை வைத்து எல்லாப் புரோகிராமிலும் தேடுவேன்.

இரண்டாவது, எந்தப் புரோகிராம் எப்போது ஓடுகிறது என்று பதிவு செய்யும் கருவியைப் போட்டுவிட்டு, ஆண்டு முடிவுக் கணக்கும் உள்ளடங்கும்படி ஒரு முழு வருடமாவது விடுவேன். மூன்று மாதம் போதாது என்பதை ஒன்பது நாள் படித்திருக்கிறேன்.

மூன்றாவது, ஆட்களிடம் கேட்பேன். "இந்த டேபிள் தேவையா?" என்று கேட்டால் ஒருவருக்கும் விளங்காது. "வருஷத்தில ஒருமுறை மட்டும் செய்யிற வேலை என்ன?" என்று கேட்பேன்.

நாலாவது, அழிக்காமல் முதலில் மூடி வைப்பேன். பாவிக்க முடியாதபடி பூட்டிவிட்டு, யாராவது கத்துகிறார்களா என்று பொறுத்துப் பார்ப்பது. எங்கட தொழிலில் இதைக் 'கத்தல் சோதனை' என்றே சொல்வார்கள். கத்தினால் ஒரு நிமிடத்தில் திறந்துவிடலாம்.

ஐந்தாவது, தரவையும் வரையறையையும் சேர்த்தே வெளியே எடுத்து வைப்பேன். இது சட்ட விஷயமும்தான். ஜெர்மனியில் பற்றுச்சீட்டு, விலைப்பட்டியல் போன்ற கணக்குச் சான்றுகளை நிறுவனங்கள் குறிப்பிட்ட காலம் வைத்திருக்க வேண்டும். முன்பு 10 வருடம், 2025 முதல் 8 வருடம். வைத்திருந்தால் மட்டும் காணாது, அந்தக் காலம் முழுதும் வாசிக்கக்கூடியதாக இருக்கவும் வேண்டும். லேபிள் இல்லாத போத்தலை வரி அலுவலகம் ஏற்றுக்கொள்ளாது.

கடைசியாக, அழிப்பது மேலிருந்து கீழே. முதலில் புரோகிராம், பிறகு டேபிள், பிறகு டேட்டா எலிமென்ட், கடைசியில் டொமைன். வீடு இடிக்கிறவன் கூரையிலிருந்துதான் தொடங்குவான். ஏன் அழித்தோம் என்று நாலு வரி எழுதி வைப்பதும் வேலையில் சேர்த்திதான்.

வைத்திருந்தாலும் ஆபத்து

அப்படியென்றால் ஒன்றையும் அழிக்காமல் விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் விடை எங்கட ஊரிலேயே இருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் கட்டுப்பாட்டு மையம் டார்ம்ஸ்டாட்டில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். 1996 ஜூன் 4-ஆம் திகதி, 'கிளஸ்டர்' என்ற நாலு செய்மதிகளை ஏற்றிக்கொண்டு ஏரியன் 5 ராக்கெட் முதல்முறையாகப் புறப்பட்டது. மேலே போன பிறகு அந்தச் செய்மதிகளை இயக்க வேண்டியது இந்த மையம். புறப்பட்டு 40 வினாடி போகுமுன்னமே ராக்கெட் சிதறியது.

காரணம், ஏரியன் 4-இலிருந்து அப்படியே கொண்டுவந்த மென்பொருளில் ஒரு பகுதி. ஏரியன் 5 தரையை விட்டுக் கிளம்பிய பிறகு அதற்கு ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தது. புது ராக்கெட்டின் வேகம் அதிகம். அந்தப் பகுதி ஒரு பெரிய எண்ணை 16 பிட் அளவுள்ள இடத்தில் வைக்கப் பார்த்தது. அந்த இடத்தில் 32,767-க்கு மேல் கொள்ளாது. வழிகாட்டும் கணினியும், அதற்குக் காவலாக இருந்த இரண்டாவது கணினியும் ஒரே பிழையில் நின்றன. தேவையில்லாத ஒன்றை எடுக்காமல் விட்டதில் போன செய்மதிகளைத் திரும்பக் கட்டி, 2000-ஆம் ஆண்டில் கசக்ஸ்தானின் பைக்கனூரிலிருந்து வேறு ராக்கெட்டுகளில் அனுப்பினார்கள்.

மற்றப் பக்கம், மனிதர்களைப் பற்றிய தரவு. உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 1970-இல் வந்தது நாங்கள் இருக்கிற இந்த ஹெஸ்ஸன் மாநிலத்தில்தான். இன்றைக்கு ஐரோப்பிய விதியின் 17-ஆவது பிரிவு, என்னைப் பற்றிய தரவை அழி என்று கேட்கும் உரிமையை எங்களுக்குத் தருகிறது. ஆகவே சேர்த்துக் குவிப்பதும் சரியில்லை, கண்ணை மூடிக்கொண்டு கழிப்பதும் சரியில்லை.

பாமினிக்கு என்ன நடந்தது

அம்மாவின் மேசைக்குத் திரும்பி வருவோம். தொண்ணூறுகளில் புலம்பெயர்ந்த எங்கட ஆட்கள் தமிழில் தட்டெழுதப் பெரும்பாலும் பாவித்தது பாமினி எழுத்துரு. கணினியைப் பொறுத்தவரை அப்பா எழுதினது வெறும் ஆங்கில எழுத்துகள். 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்று கோப்பில் இருக்கும். பாமினி இருந்தால் அதே ஐந்தும் திரையில் 'தமிழ்' என்று தெரியும். மகள் பாஸ்வேர்ட் என்று நினைத்த அந்த எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ன தெரியுமா? 'அம்மா'.

அதாவது அப்பா எழுதினதில் ஒரு எழுத்தும் அழியவில்லை. நான் அழித்தது லேபிளை. வேர்-யூஸ்ட் லிஸ்டில் அம்மாவின் பெயர் இல்லை, ஏனென்றால் அவ அதை வருடத்தில் ஒருநாள்தான் பாவிக்கிறா.

எழுத்துருவைத் தேடிப் பிடித்து ஏற்றினேன். கோப்பைத் திரும்பத் திறந்ததும் பத்துப் பக்கமும் தமிழாக வந்தது. அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் கொப்பியையும் பேனையையும் எடுத்துவந்து, தேவையான பெயர்களைக் கையால் எழுதத் தொடங்கினா. "இனி இருக்கும்தானே அம்மா" என்றேன். "நீ போன முறையும் அப்பிடித்தான் சொன்னனி" என்றா.

திவசம் முடிந்த அடுத்த வாரம், கோப்பை யூனிகோடுக்கு மாற்ற உட்கார்ந்தோம். இணையத்தில் இதற்கு மாற்றிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் போட்டு எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று எழும்ப வேண்டாம். இரண்டு பிழைகள் வரும். ஒன்று, நடுவில் அப்பா ஜெர்மன் விலாசங்களை வேறு எழுத்துருவில் எழுதியிருந்தார். வெட்டி ஒட்டும்போது எது எந்த எழுத்துரு என்ற தகவல் போய்விடுகிறது. மாற்றிக்கு எல்லாமே பாமினிதான். வீதிப் பெயர்கள் எல்லாம் உளறலாகிவிட்டன. மற்றது கொம்பு. பாமினியில் 'கெ' எழுதக் கொம்பை முதலில் அடிப்போம், யூனிகோடில் அது 'க'வுக்குப் பிறகு சேமிக்கப்படும். கவனமில்லாத மாற்றி கொம்பைப் பக்கத்து எழுத்தில் ஏற்றிவிடும்.

அதனால் அம்மா வாசிக்க, நான் திருத்தினேன். இரண்டு பின்னேரம் எடுத்தது. எழுத்துப் பிழையைவிட வேறு திருத்தங்கள்தான் அதிகம் வந்தன. "இவ அப்பாக்குச் சித்தி இல்லை, பெரியம்மா முறை. அப்பா பிழையா எழுதிப்போட்டார்." "இந்த வீட்டை வித்துப்போட்டினம், ஆனா கிணறு எங்கட." இதொன்றும் கோப்பில் இல்லை. மகள் பக்கத்தில் இருந்து, பெரியம்மாவும் சித்தியும் இரண்டு பேரும் 'டான்டெ' தானே, ஏன் இரண்டு பெயர் என்று கேட்டாள். அம்மா விளக்கத் தொடங்கினா. அன்றைக்கு வேலை அதோடு நின்றது.

யூனிகோடும் ஒருநாள் இப்படிப் போய்விடாதா என்று அம்மா கேட்டா. நியாயமான கேள்வி. 1996-இல் யூனிகோட் இரண்டாவது பதிப்பில் கொரிய எழுத்துகளை இடம் மாற்றினார்கள். அதனால் வந்த குழப்பத்தைக் கண்ட பிறகு, ஒருமுறை சேர்த்த எழுத்தை இனி நகர்த்துவதும் இல்லை, அகற்றுவதும் இல்லை என்று விதியாக்கினார்கள். வைத்த பெயரைக்கூட மாற்ற மாட்டார்கள். எங்கட ஆய்த எழுத்துக்கு அங்கே இருக்கிற பெயர் 'தமிழ் விசர்க்கக் குறி'. பெயர் பிழை என்று தெரிந்தாலும் அப்படியே வைத்திருக்கிறார்கள், எங்கேயோ ஒரு புரோகிராம் அந்தப் பெயரை நம்பி இருக்கலாம் என்பதால்.

உங்கட வீட்டில் செய்ய வேண்டியது

அம்மா அப்பாவின் பழைய கணினியை மாற்ற முன்னம், அதில் இருக்கிற எழுத்துருக்களையும் கோப்புகளோடு சேர்த்து எடுங்கோ. பாமினியில் இருக்கும் முக்கியமான கோப்புகளை அந்தப் பழைய கணினியிலேயே திறந்து பி.டி.எஃப். ஆகச் சேமித்து, வேறு கணினியில் திறந்து சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கோ. பிறகு யூனிகோடுக்கு மாற்றி, எழுதினவரோ அவரை அறிந்தவரோ இருக்கும்போதே வாய்விட்டு வாசித்துச் சரிபாருங்கோ. மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். பழைய கணினியை உடனே துடைக்காமல் ஒரு வருடம் அலுமாரியில் வையுங்கோ. திவசம், பொங்கல், வரிக் கணக்கு எல்லாம் ஒரு சுற்று வந்து போகட்டும்.

அதோடு, அழிக்க வேண்டியதை அழிக்கவும் வேண்டும். அம்மாவின் கணினியில் 2009-ஆம் ஆண்டுத் தொலைபேசி பில் விண்ணப்பம் பதினொரு பிரதி இருந்தது. ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டேன். பத்தை அழிக்கச் சொன்னா. பதினோராவது ஏன் என்று நான் கேட்கவில்லை. அது இப்பவும் இருக்கிறது.

அடுத்த மாதம் சந்திப்பம்.